பின்வரிசையிலிருந்து புறப்பட்டவர்

1977-78 ஐஸ் ஹாக்கி சீசன் முழுவதும் பாபி ஓர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. இடது முழங்கால் அவரைக் கைவிட்டிருந்தது. சிகாகோ பிளாக் ஹாக்ஸ் அணியோடு போட்ட ஒப்பந்தம் அப்போதும் செல்லுபடியாகத்தான் இருந்தது. சம்பளம் அவருக்குச் சட்டப்படி சேர வேண்டிய பணம். பாபி அதைத் தொடவில்லை. ஆடுவதற்குத்தான் சம்பளம், ஆடாமல் எப்படி வாங்குவது என்பதுதான் அவர் சொன்ன காரணம். காசோலைகள் வங்கிக்குப் போகவே இல்லை.

உலகின் தலைசிறந்த ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர் என்று பத்தாண்டுகளாகக் கொண்டாடப்பட்டவர் அவர். அந்தப் பணத்தை வேண்டாம் என்றபோது அவருடைய கையில் சேமிப்பு என்று சொல்லும்படி எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. கொடுமை என்னவென்றால், அது அவருக்கே தெரியாது. கணக்கு வழக்கு முழுவதையும் ஏஜென்ட்டிடம் ஒப்படைத்துவிட்டு, அவரை உடன்பிறந்தவராக நம்பிக்கொண்டிருந்தார்.

பாபி ஓரின் சாதனைகளைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். கோப்பைகள், விருதுகள், வெண்கலச் சிலை எல்லாம் உண்மை. ஆனால், அந்தக் காசோலைகளை விட்டுவிட்டு அவரைப் புரிந்துகொள்ள முடியாது என்று நினைக்கிறேன். தன்னைக் கொஞ்சம் மிச்சம் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர் அவர். பனித்தளத்தில் அந்தக் குணம்தான் அவரைச் சிகரத்தில் ஏற்றியது. முழங்காலைத் தின்றதும், ஏமாற வைத்ததும் அதே குணம்தான்.

ஐஸ் ஹாக்கியில் ஒரு அணிக்கு ஒரு நேரத்தில் ஆறு பேர் தளத்தில் இறங்குவார்கள். கோல்கீப்பர் ஒருவர், முன்வரிசையில் மூவர், பின்வரிசையில் இருவர். அந்த இருவர்தான் டிஃபென்ஸ்மேன்கள். எதிரணி பாய்ந்து வரும்போது வழிமறிப்பது, உடம்பைக் குறுக்கே போடுவது, பக் என்கிற அந்த ரப்பர் வட்டைப் பறித்து முன்வரிசைக்குத் தள்ளிவிடுவது, இவ்வளவுதான் அவர்களுக்கு விதிக்கப்பட்ட வேலை. பாபிக்கு முன்னால் எட்டி ஷோர் பாய்ந்து ஆடியிருக்கிறார். மான்ட்ரியாலின் டக் ஹார்வி ஆட்டத்தின் வேகத்தையே தன் கையில் வைத்திருந்தார். இருந்தாலும், டிஃபென்ஸ்மேன் கோல் அடிப்பது அபூர்வம் என்ற நிலை மாறவில்லை. வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.-லில் ஒரு சீசனில் ஒரு டிஃபென்ஸ்மேன் அடித்த அதிகபட்ச கோல் 20 தான். ஃபிளாஷ் ஹாலெட் 1944-45-ல் வைத்த கணக்கு அது. கால் நூற்றாண்டு அப்படியே கிடந்தது. பாபி 1968-69-ல் 21 அடித்தார். அடுத்த ஆண்டு 33. அதற்கடுத்த இரண்டு ஆண்டுகளும் 37, 37. பிறகு ஒரு சீசனில் 46.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஜார்ஜியன் விரிகுடாவின் கரையில் இருக்கும் சிறிய ஊர் பாரி சவுண்ட். 1948 மார்ச் 20 அன்று பாபி அங்கே பிறந்தார். அப்பா டக் ஓர் வெடிமருந்துத் தொழிற்சாலைத் தொழிலாளி. அம்மா ஆர்வா. ஐந்து பிள்ளைகளில் பாபி மூன்றாமவர். குளிர்காலம் வந்தால் ஊரைச் சுற்றியுள்ள நீர்நிலைகள் உறைந்துபோகும். காசு கொடுத்து ரிங்க் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. திறந்த வெளியில் இத்தனை பேர் என்ற கணக்கில்லாமல் பையன்கள் குவிந்து ஆடுவார்கள். பக் கிடைத்தவன், பிறர் பறிக்கும் வரை வைத்துக்கொள்ளலாம். பயிற்சியாளர் கிடையாது, விசில் கிடையாது. யாராலும் பறிக்க முடியாதபடி பக்கை வைத்துக்கொள்ளும் வித்தை பாபிக்கு அங்கேதான் படிந்தது.

1961-ல் கனனோக்வி என்ற ஊரில் நடந்த சிறுவர் போட்டிக்குப் பாஸ்டன் ப்ரூயின்ஸ் அணியின் ஆள்தேடிகள் வந்திருந்தார்கள். அவர்கள் பார்க்க வந்தது வேறு பையன்களை. கண்ணில் பட்டதோ தளம் முழுக்கத் தன்வசம் வைத்திருந்த ஒல்லியான சின்னப் பையன். அன்றிலிருந்து அந்த அணியின் ஆளாக ரென் பிளேர் பாரி சவுண்டுக்கு நடையாய் நடந்தார். 1962-ல், 14 வயதில், ப்ரூயின்ஸின் ஒப்பந்தப் படிவத்தில் பாபி கையெழுத்திட்டார். அந்தக் காலத்தில் இதற்குச் ‘சி-ஃபார்ம்’ என்று பெயர். கையெழுத்துப் போட்ட பையனின் தொழில்முறை வாழ்க்கை அந்த அணிக்கே சொந்தம். பதிலுக்குக் குடும்பத்துக்குக் கிடைத்த சலுகைகளில் ஒன்று, அவர்கள் வீட்டு வெளிச்சுவருக்குப் பூச்சு வேலை. ஒரு தலைமுறையின் மிகப் பெரிய திறமையை இவ்வளவு மலிவாக வளைத்துப்போட முடிந்தது என்றால், ஆட்டக்காரர்கள் அன்று எந்த நிலையில் இருந்தார்கள் என்பது விளங்கும். பின்னால் நடந்த துரோகத்துக்கும் இந்த நிலைமைதான் வாசல் திறந்துவிட்டது.

ஒஷாவா ஜெனரல்ஸ் என்ற ஜூனியர் அணியில் 14 வயதுப் பையன், தன்னைவிட நாலைந்து வயது மூத்தவர்களோடு மோதினான். முதல் சீசனில் வீட்டிலிருந்தபடியே படித்துக்கொண்டு, ஆட்டத்துக்கு மட்டும் காரில் போய்வந்தான். நான்காவது சீசனில் 47 ஆட்டங்களில் 38 கோல், 56 அசிஸ்ட் (பிறர் அடித்த கோலுக்குப் பக்கைத் தந்து உதவியது). என்.எச்.எல். பக்கம் கால் வைப்பதற்கு முன்பே, 1965-ல், கனடாவின் புகழ்பெற்ற ‘மக்லீன்ஸ்’ பத்திரிகையின் அட்டையில் அவன் படம் வந்துவிட்டது.

18 வயது நிறைந்ததும் ப்ரூயின்ஸ் அணி சம்பளம் பேச வந்தது. சொன்ன தொகை அற்பம். டக் ஓர் டொரன்டோவின் இளம் வழக்கறிஞர் ஒருவரைத் துணைக்கு அழைத்தார். பெயர் ஆலன் ஈகிள்சன். முன்னால் சொன்ன ஏஜென்ட் இவர்தான். ஆட்டக்காரருக்காக வழக்கறிஞர் பேரம் பேசுவது அணி முதலாளிகளுக்குப் பிடிக்காத காலம் அது. ஈகிள்சன் விடவில்லை. 1966-ல், ப்ரூயின்ஸ் மேலாளர் ஹாப் எம்ஸின் படகில் வைத்து, புதுமுகம் எவரும் அதுவரை பார்த்திராத ஒப்பந்தம் கையெழுத்தானது. மற்ற ஆட்டக்காரர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். மறு ஆண்டே என்.எச்.எல். ஆட்டக்காரர்கள் சங்கம் உருவாகி, ஈகிள்சன் அதன் தலைமைக்கு வந்தார். அவரால் நன்மை நடக்கவே இல்லை என்று சொல்வது அநியாயம். சம்பளங்கள் ஏறின, முதலாளிகளை எதிர்த்துப் பேசவும் ஆள் கிடைத்தது. பாபி அவரை அப்படி நம்பியதற்கு நியாயமான காரணம் இருந்தது.

பாபி வந்து சேர்ந்த பாஸ்டன் அணி அன்று லீக்கின் அடிமட்டத்தில் கிடந்தது. 1959-க்குப் பிறகு பிளே-ஆஃப் என்கிற, கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்றின் பக்கமே போகாத அணி. அவருடைய முதல் சீசனிலும் ஆறு அணிகளில் கடைசி இடம்தான். ஆனாலும் 1967-ல் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருது அவருக்கு வந்தது. சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸ் விருதை அந்த ஆண்டு வாங்கியவர் நியூயார்க் ரேஞ்சர்ஸின் ஹாரி ஹவல். இப்போதே கிடைத்ததில் மகிழ்ச்சி, இனிமேல் இந்த விருது அந்தப் பையனுக்குத்தான் என்ற பொருளில் அவர் பேசினார். 1968 முதல் 1975 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் நாரிஸ் விருதைப் பாபியே வாங்கினார்.

அப்படி என்ன ஆட்டம் அது? பழைய படச்சுருள்களை இன்றும் பார்க்கலாம். எதிரணி தட்டிவிட்ட பக் பாஸ்டன் கோல் கூண்டுக்குப் பின்னால் போய் நிற்கும். பாபி நிதானமாக அங்கே போவார். எந்த அவசரமும் தெரியாது. கூண்டைச் சுற்றி ஒரு வளைவு எடுத்து வெளியே வரும்போதே தலை நிமிர்ந்திருக்கும். தளம் முழுவதும் கண்ணுக்குள் இருக்கும். மூன்று நான்கு தள்ளல்களில் வேகம் ஏறிவிடும். வழிமறிக்க வருகிறவர் இதுதான் அவருடைய முழு வேகம் என்று கணித்து உடம்பைத் திருப்புவார். அந்த நொடியில் பாபி இன்னொரு கியர் மாற்றுவார். வழிமறித்தவருக்கு வெறும் பனிதான் மிஞ்சும். வெறுங்காலை அப்படியே ஸ்கேட்டுக்குள் நுழைப்பார், சாக்ஸ் போடுவதில்லை. ஹாக்கிக் கம்பின் பட்டையில் மற்றவர்கள் டேப்பைச் சுற்றுச் சுற்றாகச் சுற்றுவார்கள். அவர் கம்பில் பெயருக்குத்தான் டேப் இருக்கும். கோல் அடித்த பிறகு தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வருவார். எதிரணியைச் சிறுமைப்படுத்தக் கூடாது என்ற எண்ணம் அவருக்கு.

முன்னால் பாய்கிற டிஃபென்ஸ்மேன் பின்னால் ஓட்டை விட்டுவிடுவார் என்பதுதான் அன்றைய பயிற்சியாளர்களின் பயம். பாபியின் பயிற்சியாளர் ஹாரி சிண்டன் அவருடைய ஆட்டத்துக்குக் கடிவாளம் போடவில்லை. அதன் பலனைக் காட்ட ஒரு எண் போதும். ஒருவர் தளத்தில் இருக்கும்போது, ஆள் பலம் கூடுதலாக உள்ள அணி அடிக்கும் கோல்களை விட்டுவிட்டு, தன் அணி அடித்த கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழிக்கும் கணக்கு ஒன்று உண்டு. பிளஸ்-மைனஸ் என்பார்கள். 1970-71-ல் பாபியின் கணக்கு பிளஸ் 124. இன்றுவரை யாரும் எட்டாத எண். அவர் முன்னால் போனதால் வீடு கொள்ளை போகவில்லை; பக் பெரும்பாலும் எதிரணியின் எல்லையிலேயே இருந்ததால் பாஸ்டனுக்கு ஆபத்தே குறைவாக இருந்தது.

அதே சீசனில் அவர் கொடுத்த அசிஸ்ட் 102. லீக் வரலாற்றில் நூறைத் தொட்ட முதல் ஆட்டக்காரர். அதன் பிறகு கிரெட்ஸ்கி, லெம்யூ, குச்சராவ், மெக்டேவிட் ஆகியோர் தொட்டார்கள். நால்வரும் முன்வரிசை ஆட்டக்காரர்கள். சீசனில் அதிகப் புள்ளி (கோலும் அசிஸ்ட்டும் சேர்ந்த கணக்கு) எடுத்தவருக்கான ஆர்ட் ராஸ் கோப்பையை 1970-லும் 1975-லும் பாபி வாங்கினார். வேறு எந்த டிஃபென்ஸ்மேனும் அதை ஒருமுறைகூட வாங்கியதில்லை. 1969-70 சீசனில் மட்டும் ஆர்ட் ராஸ், நாரிஸ், மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட், பிளே-ஆஃப் நாயகனுக்கான கான் ஸ்மைத் என்று நான்கும் அவர் கையில் சேர்ந்தன. ஒரே சீசனில் இந்த நான்கையும் சேர்த்து வாங்கியவர் அவர் ஒருவர்தான்.

1970 மே 10, ஞாயிறு, அன்னையர் தினம். பாஸ்டன் கார்டன் அரங்கில் வெக்கையும் புழுக்கமும். என்.எச்.எல். பட்டத்துக்கான ஸ்டான்லி கோப்பை இறுதிச்சுற்றின் நான்காவது ஆட்டம். செயின்ட் லூயிஸ் புளூஸுக்கு எதிராக முதல் மூன்றையும் பாஸ்டன் வென்றிருந்தது. இந்த ஆட்டம் 3-3 என்று சமனாகி ஓவர்டைமுக்குப் போனது. நாற்பதே நொடிகள்.

அந்த நாற்பது நொடிகளில் நடந்ததை மெதுவாகப் பார்க்க வேண்டும். பக் வலது ஓரப் பலகையை ஒட்டி வெளியே வருகிறது. புளூஸின் லாரி கீனன் அதைத் தட்டி வெளியேற்றப் பார்க்கிறார். பாபி நிற்பது எதிரணி எல்லையின் விளிம்பில். ஒழுங்கான டிஃபென்ஸ்மேன் அந்த இடத்தில் பின்வாங்குவார். ஓவர்டைம் அது, ஒரு கோல் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. பாபி முன்னால் பாய்ந்து பக்கை மறிக்கிறார். அது அவரைத் தாண்டிப் போயிருந்தால் புளூஸ் ஆட்கள் பாஸ்டன் கூண்டை நோக்கித் தடையில்லாமல் பறந்திருப்பார்கள். பாபியைத் திட்டித் தீர்த்திருப்பார்கள். பக் நின்றது. கூண்டுக்குப் பின்னால் இருந்த டெரிக் சாண்டர்சனுக்கு அதைத் தள்ளிவிட்டு, நிற்காமல் கூண்டை நோக்கி ஓடினார். சாண்டர்சன் திருப்பிக் கொடுத்தார். கோல்கீப்பர் கிளென் ஹாலின் கால்களுக்கிடையில் பக் புகுந்தது. அதே கணத்தில் நோயல் பிகார்டின் கம்பு பாபியின் காலை வாரிவிட்டது. தரையிலிருந்து எழும்பி, கை இரண்டையும் விரித்து, வாய் நிறையக் கத்திக்கொண்டு அவர் காற்றில் கிடந்த கணத்தை ‘ரெக்கார்ட் அமெரிக்கன்’ பத்திரிகையின் புகைப்படக்காரர் ரே லூசியே பிடித்துவிட்டார். 29 ஆண்டுகளுக்குப் பிறகு பாஸ்டனுக்குக் கோப்பை. ஹாக்கியின் மிகப் பிரபலமான படம் அதுதான். பலருக்கும் அந்தப் பாய்ச்சல்தான் நினைவிருக்கும். எனக்கு அதற்கு முந்தைய கணம்தான் பெரிது. பின்வாங்கியிருக்க வேண்டிய இடத்தில் முன்னால் போன அந்த ஒரு முடிவுக்குள் அவருடைய ஆட்டம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

1972-ல் ரேஞ்சர்ஸை வென்று இரண்டாவது கோப்பை. அதிலும் கோப்பையைத் தீர்மானித்த கோல் பாபியுடையது. கான் ஸ்மைத்தும் மீண்டும் அவருக்கே.

இனி முழங்கால். இவ்வளவு வேகத்தில், பக்கைக் கம்பில் வைத்துக்கொண்டு, எதிரணிக் கூட்டத்துக்குள் நுழைகிறவரை நிறுத்த ஒரே வழிதான் உண்டு: மோதுவது. நின்று காக்கிற டிஃபென்ஸ்மேன் அடி கொடுப்பவர். பாபியோ பாய்ந்து போய் அடி வாங்குகிற டிஃபென்ஸ்மேன். 1968-லேயே, இருபது வயதுகூட நிறையாதபோது, இடது முழங்காலில் கத்தி பட்டுவிட்டது. முழங்காலுக்குள் தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் இடையில் குருத்தெலும்புத் தட்டு உண்டு. குழாய்க்குள் இருக்கும் வாஷர் மாதிரி. அது கிழிந்தால் இன்று நுண்துளை வழியாகக் கருவியை விட்டு, முடிந்தவரை தைத்துக் காப்பாற்றுவார்கள். அன்றைய வழக்கம் முழங்காலைத் திறந்து, கிழிந்ததை வெட்டி எடுத்துவிடுவது. வெட்ட வெட்ட எலும்போடு எலும்பு உரசும். உரசிய இடத்தில் துணுக்குகள் பெயரும். அவற்றை எடுக்க மறுபடி கத்தி. ஆட ஆரம்பித்து இரண்டே ஆண்டுகளில் தொடங்கிய இந்தச் சுழல் அவரைக் கடைசிவரை விடவில்லை. ஆறு சீசன் தொடர்ந்து நூறு புள்ளிக்குமேல் எடுத்தார் என்று படிக்கும்போது, அந்த ஆறும் இந்த முழங்காலை வைத்துக்கொண்டு எடுத்தவை என்பதைச் சேர்த்தே படிக்க வேண்டும்.

1972-ல் கனடாவும் சோவியத் யூனியனும் மோதிய வரலாற்றுத் தொடரில் முழங்கால் அவரை உட்கார வைத்துவிட்டது. அணியோடு பயணம் போனார். தளத்தில் இறங்க முடியவில்லை. 1975-76-ல் பாஸ்டனுக்காக பத்தே ஆட்டங்கள். அதற்குப் பின், நாடுகளுக்கு இடையே நடந்த 1976 கனடா கோப்பைத் தொடர்தான் என்னை மிகவும் உருக்குகிறது. நடக்கவே சிரமப்பட்டவர், நாட்டுக்காக ஆடுகிற வாய்ப்பை விட மனமில்லாமல் இறங்கினார். ஏழு ஆட்டங்களில் 2 கோல், 7 அசிஸ்ட். தொடரின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற பட்டம். வயது 28. உயர்மட்ட ஆட்டத்தில் அவர் முழுமையாக ஆடிய கடைசித் தொடர் அது.

அதே கோடையில்தான் பாஸ்டனை விட்டு சிகாகோவுக்குப் போனார். ஊரே அழுதது, கோபித்தது. பாஸ்டன் முதலாளிகள் தன்னை வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள் என்றே பாபி நம்பினார். நடந்தது வேறு. சம்பளத்தோடு அணியின் உரிமையில் ஏறத்தாழ 18 சதவீதப் பங்கையும் தருவதாக பாஸ்டன் தரப்பு முன்வந்திருந்தது. ஏஜென்ட் அதைத் தன்னிடம் சொல்லவே இல்லை என்கிறார் பாபி. ஈகிள்சனுக்கோ சிகாகோ முதலாளி பில் விர்ட்ஸ் நெருங்கிய நண்பர். ஆட்டக்காரர்கள் சங்கத் தலைவர், ஆட்டக்காரரின் ஏஜென்ட், முதலாளியின் நண்பர் என்று ஒரே ஆள் மூன்று நாற்காலியில் உட்கார்ந்திருந்ததை அன்று யாரும் தடுக்கவில்லை.

சிகாகோவில் மொத்தம் 26 ஆட்டங்கள். 1978 நவம்பரில் ஓய்வை அறிவித்தார். 657 ஆட்டங்கள், 270 கோல், 645 அசிஸ்ட், 915 புள்ளிகள். மூன்று ஆண்டுக் காத்திருப்பு விதியைத் தளர்த்தி, 31 வயதிலேயே ஹாக்கி புகழரங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டது. 1979 ஜனவரியில் பாஸ்டன் கார்டனில் அவருடைய 4-ம் எண் சட்டைக்கு விடை கொடுத்தபோது கைதட்டல் ஓயவே இல்லை. அதன் பிறகு கணக்குப் புத்தகங்களைத் திறந்து பார்த்தால், கடனும் வரிப் பாக்கியும் சொத்தைத் தாண்டி நின்றன. 1980-ல் ஈகிள்சனோடு உறவு முறிந்தது.

பாபி மட்டும் ஏமாந்திருந்தால் அது ஒரு தனி மனிதரின் சோகமாகப் போயிருக்கும். மாசசூசெட்ஸில் சிறு பத்திரிகையான ‘ஈகிள்-டிரிப்யூன்’ நிருபர் ரஸ் கான்வே 1991-லிருந்து எழுதிய தொடர் கட்டுரைகள், ஈகிள்சன் எத்தனை ஆட்டக்காரர்களை எப்படியெல்லாம் சுரண்டினார் என்பதை அவிழ்த்தன. அமெரிக்காவில் 1994-ல் குற்றச்சாட்டு. 1998 ஜனவரியில் பாஸ்டனிலும் டொரன்டோவிலும் மோசடிக் குற்றங்களை ஈகிள்சன் ஒப்புக்கொண்டார், சிறைக்குப் போனார். அப்போதும் அவர் பெயர் புகழரங்கத்தில் இருந்தது. அவர் இருந்தால் நாங்கள் வெளியேறுவோம் என்று பாபி உள்ளிட்ட பழைய ஆட்டக்காரர்கள் அறிவித்தார்கள். ஈகிள்சன் விலகினார். தன் பணத்துக்காகக்கூட அவ்வளவாக வாய் திறக்காத மனிதர், ஓய்வூதியம் பறிகொடுத்த சக ஆட்டக்காரர்களுக்காகத் தன் புகழையே பணயம் வைத்து நின்ற இடம் அது. அவருடைய கோப்பைகளுக்குச் சற்றும் குறையாத வெற்றியாக இதைச் சொல்வேன்.

அவர் விட்டுச் சென்ற பாதையில் பலர் வந்தார்கள். ஒரு சீசனில் 46 கோல் என்ற அவருடைய எண்ணை எட்மன்டனின் பால் காஃபி 1985-86-ல் 48 அடித்து முறியடித்தார். 2022-23-ல் எரிக் கார்ல்சன் 101 புள்ளி எடுத்தபோது, ஒரு டிஃபென்ஸ்மேன் நூறைத் தாண்டி முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. பாபி அதை ஆறு முறை செய்தவர். இன்று கொலராடோவின் கேல் மக்கார் தன் எல்லையிலிருந்து பக்கை எடுத்துக்கொண்டு புறப்படும்போது, எந்தப் பயிற்சியாளரும் ‘பின்னால் நில்’ என்று கத்துவதில்லை.

பாபி பின்னாளில் தேர்ந்தெடுத்த தொழில், ஆட்டக்காரர்களுக்கு ஏஜென்ட் வேலை. சொந்த நிறுவனம் வைத்து, பதின்வயதுப் பையன்களையும் அவர்கள் பெற்றோரையும் உட்கார வைத்துப் பேசி, ஒப்பந்தங்களைப் பார்த்துக்கொடுத்தார். இன்றைய ஹாக்கியின் முதல் பெயரான கானர் மெக்டேவிட், பள்ளி வயதிலேயே அந்த நிறுவனத்தின் கைக்கு வந்த பையன்.